ஆணியில் தொங்கும் செயின்

மைசூரில் தசரா பெரிய திருவிழா. அதில் ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை. அன்று அரண்மனையில் வாளுக்குப் பூஜை. பட்டறையில் சுத்தியலுக்குப் பூஜை. மரம் அறுக்கும் தொழிலாளி தம் செயின் ரம்பத்தைத் துடைத்துப் பொட்டு வைப்பார்.

நல்லது. மற்ற நாட்களில் அந்த ரம்பத்தின் மாற்றுச் செயின்கள் எங்கே கிடக்கின்றன? பெரும்பாலும் ஒரு சாக்குப் பையில். நான்கு செயின்கள் ஒன்றோடு ஒன்று சிக்கிக் கிடக்கும். எது தீட்டியது? எது மழுங்கியது? யாருக்கும் தெரியாது.

இதனால் என்ன நட்டம்?

குடகில் காப்பித் தோட்டத்துக்குச் சில்வர் ஓக் மரம் அறுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையிலிருந்து ஒரு செயினை எடுத்து மாட்டுகிறீர்கள். அது மழுங்கியது. மரத்திலிருந்து சிராய் விழவில்லை. மாவு போல் தூள்தான் விழுகிறது. நீங்கள் ரம்பத்தை அழுத்துகிறீர்கள். கை ஓய்கிறது. பெட்ரோல் வீணாகிறது. ரம்பம் திடீரென்று உதறினால் உயிருக்கே ஆபத்து.

வேறு ரம்பத்தின் செயினை மாட்டினாலும் ஆபத்துதான். ஒரு கண்ணி கூடினால் செயின் தொய்யும். ஓடும்போது தகட்டை விட்டுக் கழன்று கையைக் கிழிக்கும்.

ஒரு செய்தி கேளுங்கள். 1946-இல் அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டும் தொழிலாளி ஒரு புழுவைப் பார்த்தார். அது மரத்தை இடமும் வலமும் கடித்துத் தின்றது. அதைப் பார்த்து அவர் புது வகைச் செயின் செய்தார். உங்கள் செயினிலும் ஒரு பல் இடப்பக்கம், அடுத்த பல் வலப்பக்கம் இருக்கும். இந்தப் பற்கள் ஒன்றோடு ஒன்று உரசினால் கூர்மை போய்விடும். அதனால்தான் குவித்துப் போடக் கூடாது.

சின்னக் கொட்டகையாக இருந்தாலும் போதும். இப்படிச் செய்யுங்கள்.

முதலில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செயினைக் கொஞ்சம் மண்ணெண்ணெயில் ஊற வையுங்கள். பழைய பிரஷால் பிசினையும் தூளையும் தேயுங்கள். பக்கத்தில் பீடியும் அடுப்பும் கூடாது. நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். பிறகு செயின் ஆயில் தடவுங்கள். மைசூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழை உண்டு. எண்ணெய் இல்லாத செயின் துருப்பிடித்துவிடும்.

அடுத்து, சுவரில் ஒரு பலகை அடியுங்கள். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பலகையில் இரண்டு வரிசை ஆணி அடியுங்கள். ஆணிக்குப் பழைய சைக்கிள் டியூப் துண்டை மாட்டுங்கள். ஓர் ஆணிக்கு ஒரு செயின்தான். மேல் வரிசைக்கு மேலே 'தீட்டியது' என்று எழுதுங்கள். கீழ் வரிசைக்கு மேலே 'தீட்ட வேண்டியது' என்று எழுதுங்கள். உர மூட்டையைப் பக்கத்தில் வைக்காதீர்கள். உரம் ஈரத்தை இழுக்கும். இரும்பை அரிக்கும்.

ஒவ்வொரு செயினுக்கும் ஓர் அட்டை கட்டுங்கள். அதில் எழுத வேண்டியவை மூன்று.

1. தகட்டின் நீளம். உதாரணம்: 18 அங்குலம்.

2. கண்ணி இடைவெளி. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தை அளந்தால் அதில் பாதி. .325 அல்லது 3/8 அங்குலம் என்று வரும். பல தகடுகளில் இந்த எண் பொறித்திருக்கும்.

3. கண்ணிகளின் எண்ணிக்கை. தகட்டின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணிகளை மட்டும் எண்ணுங்கள். உதாரணம்: 72.

செயினின் கனமும் முக்கியம். கனம் கூடினால் பள்ளத்தில் இறங்காது. குறைந்தால் ஆடும். கடையில் புதுச் செயின் வாங்கும்போது பழைய அட்டையைக் காட்டிக் கனத்தையும் கேளுங்கள்.

ஒரு ரம்பத்துக்கு மூன்று செயின் இருந்தால் மாற்றி மாற்றி மாட்டுங்கள். மூன்றும் பல்சக்கரமும் ஒரே சீராகத் தேயும். ஒரே செயினை முழுதும் தேய விட்டுப் புதியதை மாட்டினால், தேய்ந்த சக்கரம் புதுச் செயினையும் கெடுக்கும்.

வெடிப்பு விட்ட செயினை ஆணியில் தொங்க விடாதீர்கள். அவசரத்தில் அதையும் மாட்டிவிடுவோம். அன்றே பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

ஒரு பலகை, சில ஆணிகள், சில அட்டைகள். செலவு அதிகமில்லை. முன்பு எந்தச் செயின் எது என்று அடுத்தவரைக் கேட்டோம். இன்று நமக்கு எழுதத் தெரியும். அந்த எழுத்து நம் கையையும் காலையும் காக்கட்டும். இன்று மாலையே முதல் அட்டையை எழுதிக் கட்டுங்கள்.