சின்னஞ்சிறுமியரும் விஞ்ஞானக் கண்காட்சியும்

விஞ்ஞானக் கண்காட்சி என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் உயர் வகுப்பு மாணவியரே. ஆய்வுக்கூட மேசைகளுக்குப் பின்னால் அவர்கள் நின்று விளக்க, தொடக்கப்பள்ளிச் சிறுமியர் கைகோத்து வரிசையாக வந்து, "தொடாதே" என்ற அதட்டலைக் கேட்டபடியே பார்த்துவிட்டுப் போவார்கள். 1993-இல் நம் நாட்டில் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடுகூட 10 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கென்றே அமைந்தது. எட்டு வயதுச் சிறுமிக்கு விஞ்ஞானத்தில் என்ன வேலை என்று கேட்பாரும் உளர்.

அவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த எமிலி ரோசா என்னும் சிறுமி, நான்காம் வகுப்பில் படித்தபோது, 1996-இல் தன் பள்ளிக் கண்காட்சிக்காக ஒரு சோதனை செய்தாள். நோயாளியைத் தொடாமலேயே, அவர் உடலைச் சூழ்ந்துள்ள ஓர் ஆற்றலைக் கைகளால் உணர்ந்து நோயைத் தணிக்கலாம் என்று கூறும் சிகிச்சை முறை ஒன்று அங்கே செவிலியரிடையே பரவியிருந்தது. 'இவர்களால் அதை உண்மையிலேயே உணர முடிகிறதா?' என்பதே எமிலியின் கேள்வி. மேசைமீது ஓர் அட்டைத் தடுப்பை நிறுத்தினாள். சிகிச்சை செய்பவர் அதன் துளைகள் வழியே இரு கைகளையும் நீட்டி வைக்க வேண்டும். எமிலி நாணயத்தைச் சுண்டி, பூவா தலையா பார்த்து, அதற்கேற்ப அவருடைய வலக்கைக்கோ இடக்கைக்கோ சற்று மேலே தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று அவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். 1997-இல் மீண்டும் செய்ததையும் சேர்த்து 21 பேரிடம் 280 முறை சோதித்தாள். அவர்கள் சரியாகச் சொன்னது 123 முறை. வெறுமனே ஊகித்திருந்தாலே ஏறத்தாழ 140 முறை சரியாக இருந்திருக்கும்! பெரியவர்கள் துணையுடன் எழுதப்பட்ட அந்த ஆய்வு 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தபோது எமிலிக்கு வயது 11.

ஓர் அட்டையும் ஒரு நாணயமும் செய்த வேலை அது. நம் கண்காட்சிகளிலோ செலவுக்குக் குறைவில்லை. தெர்மாகோல் எரிமலை, கடையில் வாங்கிய சூரியக் குடும்பம், தந்தையார் விடிய விடிய அமர்ந்து ஒட்டிய காற்றாலை! பிள்ளையின் பங்கு, எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாக ஒப்புவிப்பது மட்டுமே. நடுவில் ஒரு கேள்வி கேட்டுவிட்டால், பாவம், மறுபடியும் "குட் மார்னிங்" என்றே தொடங்குகிறாள். மாதிரி உருவம் தெரிந்ததைக் காட்டுகிறது. சோதனையோ தெரியாததைத் தேடுகிறது. சிறுமியருக்கு ஏற்றது பின்னதே. ஏனெனில் கேள்விகள் அவர்களிடம்தான் குவிந்து கிடக்கின்றன.

ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் ஏன் சிவக்கிறது என்று ஒருத்தி கேட்கிறாள் என வைத்துக்கொள்வோம். மஞ்சளைக் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி உலர்த்தி, துண்டுகளாக்கிக் கொடுங்கள். துணிச் சோப்பு கரைத்த நீர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், வெறும் நீர் ஆகியவற்றை அவளே சொட்டுச் சொட்டாக விடட்டும். சோப்பு நீர் பட்ட தாள் சிவக்கும். மற்றவை அப்படியே இருக்கும். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சள் நிறம் திரும்பும். காரம், அமிலம் என்ற சொற்களை அதன் பிறகு சொன்னால் போதும். சுண்ணாம்பை மட்டும் ஆசிரியையே கையாள வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து.

மண்பானை நீர் ஏன் குளிர்கிறது என்பது இன்னொரு நல்ல கேள்வி. ஒரு மண்பானை, ஒரு எவர்சில்வர் பாத்திரம். இரண்டிலும் ஒரே அளவு நீர், ஒரே நிழல். நண்பகலில் வெப்பமானியை இட்டுப் பார்க்கலாம். (காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு உதவாது, ஆய்வுக்கூடத்தில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.) பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இந்த விளக்கத்தைவிட, பாத்திரம் ஒன்றைத் தவிர வேறெதுவும் மாறக்கூடாது என்று மூன்றாம் வகுப்புச் சிறுமி உணர்வதே பெரிது. மூன்று நாள் செய்து, அளவுகளைத் தன் கையெழுத்திலேயே எழுதட்டும். ஈரக்காற்று வீசும் மழை நாளில் வித்தியாசம் குறைந்துவிடும். அதையும் அழிக்காமல் எழுதட்டும்.

பெற்றோர் பொருள் வாங்கித் தரலாம், கத்திரிக்கோல் பிடிக்கலாம். பேனாவைப் பிடிக்க வேண்டாம். நடுவர்கள் சிறுமியின் உயரத்துக்கு அமர்ந்து, "நீ முதலில் என்ன நடக்கும் என்று நினைத்தாய்?" என்று தமிழிலேயே கேட்கலாம்.

பயறு முளைக்க வைத்து, இருட்டிலும் வெளிச்சத்திலும் வளர்வதை ஒப்பிட எண்ணுபவளுக்கு இரண்டு வாரமாவது வேண்டும். ஆதலால் அறிவிப்பு ஒரு மாதம் முன்பே வகுப்புகளுக்கு வரட்டும். ஆய்வுக்கூட மேசைகள் அவர்களுக்கு எட்டா. இரண்டாம் வகுப்பு பெஞ்சுகளை வராந்தாவில் வரிசையாகப் போட்டுவிடலாம்.