பரிவும் படையும்

வேலியே பயிரை மேயுமிடத்து அயற்காணிக்காரன் உட்புகலாமோ? தன் குடிகளைக் காவாத அரசின் எல்லைக்குள், அவர்களைக் காக்கும் பொருட்டுப் பிறநாட்டுப் படை புகலாமோ என்பதும் அத்தகைய வினாவே. வன்னி மண்ணிற் கற்ற நமக்கு இஃது ஏட்டு வினா அன்று.

சட்டத்தின் விடை தெளிவானது. 1945 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சாசனம், 2(4) ஆம் உறுப்புரையால், ஒரு நாடு பிறிதொரு நாட்டின்மீது படைவலியைப் பிரயோகித்தலை விலக்குகின்றது. அதற்குப் புறனடைகள் இரண்டே: ஒன்று தற்காப்பு, மற்றது பாதுகாப்புச் சபையின் ஆணை. ஓர் அரசு தானே அழைக்க வரும் படை அவ்விலக்கினுட் படாது. இரக்கம் தனித்ததொரு புறனடையாகக் கூறப்படவில்லை.

ஆயினும், ஆபத்துக்குப் பாவமில்லை என்பர் எம்மவர். 1999 இல் நேட்டோ நாடுகள் சபையின் ஆணையின்றிக் கொசோவோவின் பொருட்டுக் குண்டு வீசின. அச்செயல் சட்டவிரோதமானது, எனினும் நியாயமானது என்று சுயாதீன ஆணைக்குழுவொன்று 2000 இல் முடிவுகூறிற்று. சட்டமும் நியாயமும் இவ்வாறு வழிபிரிதலை நம் நாட்டு வரலாற்றிலும் காண்கின்றோம்.

1987 ஜூன் 3 இல் இந்தியாவின் நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பியனுப்பிற்று. மறுநாள் ஐந்து இந்திய விமானங்கள், போர் விமானங்கள் காவல்வர, யாழ்ப்பாணக் குடாநாட்டில் உணவுப் பொருள்களை வீழ்த்தின. இலங்கையின் சம்மதம் இல்லை. மக்களின் வரவேற்பு இருந்தது. ஜூலை 29 உடன்படிக்கையின்படி வந்த இந்தியப் படைக்கோ அரசின் சம்மதம் இருந்தது, சட்டக்குறை இல்லை. எனினும் ஒக்டோபரிற் போர் மூண்டது. காக்க வந்த படையின் கையாலும் குடிகள் மாண்டனர். 1990 மார்ச்சில் அப்படை நீங்கிற்று. ஆகவே, சட்டம் மட்டும் ஒரு படையை நியாயமுடையது ஆக்கிவிடாது.

மூன்றாவது பாடம் வன்னிக்கே உரியது. ஓர் அரசு தன் மக்களைப் பெருங்கொடுமையினின்று காக்கத் தவறின், பாதுகாப்புச் சபையின் வழியே செயற்பட ஆயத்தமாயிருப்பதாக 2005 இல் உலக நாடுகள் உடன்பட்டன. ஆயினும் 2009 இல், அரசின் எறிகணைகளுக்கும் வெளியேறவிடாத புலிகளுக்கும் இடையே மக்கள் சிக்குண்டபோது, அச்சபை இலங்கையைத் தன் முறையான நிகழ்ச்சிநிரலிற் சேர்த்திலது. மே 13 இற் பத்திரிகைக் கூற்றொன்று வெளிவந்தது. சில நாள்களில் முள்ளிவாய்க்காலில் யாவும் முடிந்தன. ஐக்கிய நாடுகள் தாபனம் தன் கடமையிற் தவறியதை அதன் உள்ளக ஆய்வே 2012 இல் ஒப்புக்கொண்டது.

படை புகுதல், வாளாவிருத்தல் என இரு வழிகளே உள்ளன என எண்ணுதல் பிழை. உணவுக் கப்பலும் மருத்துவரும் சாட்சியும் இவற்றிடையே உள்ளன. 2008 செப்டெம்பரில், தாபனத்தின் பிறநாட்டு அலுவலர் கிளிநொச்சியை விட்டு நீங்க முற்பட்டபோது, அவர்தம் அலுவலக வாயிலிற் கூடிய மக்கள் படை கேட்டிலர். எம்மை விட்டுப் போகாதீர் என்றே மன்றாடினர். அவ்வேண்டுகோளுக்கு இணங்குதலை எச்சட்டமும் விலக்கியதில்லை.