‘டென்ஷன்’ என்னும் சொல்லும் இரத்த அழுத்தமும்

‘டோன்ட் டேக் டென்ஷன்’, ‘டூ மச் டென்ஷன்’ என்பன நம் நாட்டு அன்றாட ஆங்கிலத்தில் இயல்பாகப் புழங்கும் தொடர்கள். தமிழிலும் ‘ஒரே டென்ஷன்’ என்கிறோம். பதற்றம், கவலை, எரிச்சல், சினம் ஆகிய அனைத்தையும் இவ்வொரு சொல்லே சுமக்கிறது. பேச்சுவழக்கில் இதனால் தீங்கில்லை. மருத்துவரின் அறையில் குழப்பம் விளையலாம்.

உயர் இரத்த அழுத்தத்தை மருத்துவர்கள் ‘ஹைப்பர்டென்ஷன்’ என்பர். இங்கு ‘டென்ஷன்’ என்பது இரத்தக் குழாய்களுக்குள் நிலவும் அழுத்தத்தைக் குறிக்குமேயன்றி மனப் பதற்றத்தைக் குறிக்காது. இவ்வேறுபாட்டை அறியாதோர், ‘மனம் அமைதியாகத்தானே இருக்கிறது, இனி மாத்திரை எதற்கு?’ என்று மருந்தை நிறுத்திவிடுவதுண்டு. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. அமைதியான மனிதருக்கும் அது 140/90 என்ற அளவைத் தாண்டியிருக்கக்கூடும். கவனியாது விட்டால் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை நேரலாம்.

ஆகவே, ‘டென்ஷன்’ என்று மட்டும் கூறாது, உணர்வதை விளக்கிக் கூறுமாறு வேண்டுகிறோம். நெஞ்சு படபடக்கிறதா, கை நடுங்குகிறதா, உறக்கம் கெடுகிறதா, எத்தனை நாளாக என்பன எங்களுக்குத் தேவையான செய்திகள். படபடப்புக்கு மனப் பதற்றம் காரணமாகலாம்; தைராய்டு சுரப்பு மிகுதல், இரத்தச் சர்க்கரை குறைதல், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதல் ஆகியவையும் காரணமாகலாம். உடன் வரும் உறவினர் தாம் கண்டதையும் தெரிவிக்கலாம்.

மனப் பதற்றத்துக்கும் சிகிச்சை உண்டு. அதைச் சொல்லக் கூச்சம் வேண்டாம். மருத்துவரைக் கேளாமல் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.