ஒன்றரை யூனிட் உப்புமா

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. தொடக்க விழா நடந்தது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில். திட்டத்தின் கணக்குப்படி பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளையின் தாய்க்கு இந்த இரண்டு எண்களும் பெரிய உதவி. ஆனால் அவற்றை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

டைப் 1 மிட்டாய் தின்று வருவதல்ல. உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. தாத்தா போடும் சுகர் மாத்திரை இங்கே உதவாது, ஊசிதான். எவ்வளவு என்பது தட்டில் உள்ள மாவுச்சத்தைப் பொறுத்தது.

50 கிராம் ரவையில் சுமார் 35 கிராம் மாவுச்சத்து. பருப்பில் இன்னொரு எட்டு. பதினெட்டு கிலோ எடையுள்ள ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு யூனிட் இன்சுலின் ஏறக்குறைய 30 கிராமைச் சமாளிக்கும் என்று வைத்துக்கொள்வோம். (இந்த விகிதம் பிள்ளைக்குப் பிள்ளை, வேளைக்கு வேளை மாறும், மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.) அப்படியானால் காலை உப்புமாவுக்கு ஒன்றரை யூனிட். மதியச் சத்துணவில் அரிசி 100 கிராம் என்பதால் கணக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகும். முட்டையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒன்றரை யூனிட் என்பது எவ்வளவு? நம் ஊரில் கிடைக்கும், மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியில் ஒரு மில்லியில் இருபத்தேழில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு அரை யூனிட் கூடினால் குறைந்தால் ஒன்றும் ஆகாது. இந்தப் பிள்ளைக்கு அது மூன்றில் ஒரு பங்கு மருந்து. இதில் சிரிஞ்சு மாறிவிட்டால் போச்சு. 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். மருந்துக்கடையில் அவசரமாகக் கையில் திணிக்கப்படும் சிரிஞ்சை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள். அரை யூனிட் அளவு வைக்கும் பேனாக்களும் உண்டு.

ஊசி போட்டாயிற்று, பிள்ளை இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடமாட்டேன் என்கிறது. இதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. அதனால் அடம்பிடிக்கும் சிறு பிள்ளைகளுக்கு, வேகமாக வேலை செய்யும் இன்சுலினைச் சாப்பிட்டு முடித்ததும் போட மருத்துவர்கள் அனுமதிக்கிறார்கள். ஊசி போட்டுச் சாப்பிடாவிட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கும்; 70-க்குக் கீழே போனால் 'லோ'. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது; காரணமில்லாமல் அழும், வியர்க்கும், வகுப்பில் தூங்கி வழியும். இந்த எடைக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். பிள்ளை மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

வெயிலும் ஒரு கவலை. பிரிக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். கென்யாவின் தடாப் அகதி முகாமை முன்வைத்து நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. 25-க்கும் 37-க்கும் இடையில் ஏறி இறங்கும் வெப்பத்திலும் இன்சுலின் நான்கு வாரம் வீரியம் குறையாமல் இருந்ததாம். கத்திரி வெயில் 40-ஐத் தாண்டும் திருவள்ளூரில், கரண்ட் போன மதியத்துக்கு ஈர மண்பானை போதுமான ஏற்பாடு.

ஆனால் மதிய ஊசியை யார் போடுவது? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டில் இருக்கும் அம்மா பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கு ஓடிவர முடியாது. வகுப்பில் சர்க்கரை சோதிக்கவும், ஊசி போடவும், இடையில் தின்னவும் பிள்ளைகளை அனுமதிக்கும்படி 2023-இல் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியது. அனுமதி சரி, ஆறு வயதுப் பிள்ளை தானே போட்டுக்கொள்ளுமா? ஓர் ஆசிரியருக்கோ சத்துணவு அமைப்பாளருக்கோ பயிற்சி தரலாம். அரசு கிராம் கணக்கில்தான் அரிசி அளக்கிறது. சமையலறையில் ஒரே கரண்டியால் பரிமாறி, ஒரு கரண்டியில் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று சுவரில் எழுதிவைத்தால் பயிற்சியில் பாதி முடிந்துவிடும்.