குழவியின் பற்று

ஒன்றரைத் திங்கட் குழவியொன்று தொட்டிலிற் கிடந்து வீறிட்டழுகின்றது. தாய் எழுந்து ஓடுகின்றாள். அயல்வீட்டம்மையார், "விடு அம்மா; எடுத்தெடுத்துப் பழக்கினால் பிறகு கையைவிட்டு இறங்காது" என்கின்றார். பாட்டியோ, "பச்சைப்பிள்ளையை அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதா?" என்று கடிந்துகொள்கின்றாள். இவ்விருவர் கூற்றுள் எது தக்கதென்னும் வினா சிறிதாகத் தோன்றினும், அதனை ஆராயப் புகுந்தோர் குழவியுள்ளத்தின் இயல்பு முழுவதையுமே ஆராய வேண்டியவராயினர். அவர் கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுவாம்.

பிறந்த குழவி ஒன்றுமறியாதென்று மேனாட்டறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அஃது உண்மையன்று. கருப்பையிலிருக்கும்போதே அதற்குச் செவிப்புலன் உண்டாகிவிடுகின்றது. 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவில் டிகாஸ்பர், பைபர் என்னும் இருவர், பிறந்து மூன்று நாளும் நிரம்பாத குழவிகளின் வாயில் இரப்பர்க் காம்பு ஒன்றைக் கொடுத்தனர். ஒரு வகையாகச் சுவைப்பின் தன் தாயின் குரலும், மற்றொரு வகையாகச் சுவைப்பின் வேறொரு பெண்ணின் குரலும் கேட்குமாறு கருவியமைத்திருந்தனர். குழவிகள் தாயின் குரல் கேட்கும்படி தாம் சுவைக்கும் முறையையே மாற்றிக்கொண்டன! கண்ணோ அத்துணைத் தெளிவுடையதன்று. 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவிலுள்ளதே ஒருவாறு புலப்படும். பாலருந்தும் மகவின் கண்ணுக்கும் தாயின் முகத்திற்கும் இடையேயுள்ள தொலைவும் ஏறக்குறைய அதுவே.

ஆறாம் வாரமளவில் முகம் பார்த்து முறுவலித்தல் தோன்றும். பின்னர்த் தலை நிற்கும். நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர் ஐந்தாந் திங்களுக்கு வகுத்த செங்கீரைப் பருவத்தை நினைவு கூர்க. ஏழெட்டுத் திங்களில் அறிந்தார் இவர், அறியார் இவர் என்னும் வேற்றுமை வலுப்பெற்று, புதியவர் கைநீட்டினால் முகஞ்சுளித்துத் தாயின் தோளிற் புதைந்துகொள்ளும்.

இப்பற்று எதனால் விளைகின்றது? பாலால் என்பதே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறிஞர் பலர் கொண்ட விடை. பசி தீர்ப்பவளிடத்துக் குழவிக்கு விருப்பமுண்டாகும், அவ்வளவே என்றனர். அவ்வாறாயின் காலந்தவறாது பாலூட்டினாற் போதும், அணைத்தல் மிகையன்றோ? அமெரிக்க உளநூலறிஞர் ஜான் வாட்ஸன் 1928-இல் வெளியிட்ட நூலில், பிள்ளைகளைக் கட்டியணைத்தலும் மடியில் வைத்தலும் தகாவென்றும், தவிர்க்கவொண்ணாதாயின் இரவில் நெற்றியில் ஒருமுறை முத்தமிடலாமென்றும், காலையிற் கைகுலுக்குதல் நன்றென்றும் பெற்றோர்க்கு அறிவுரை கூறினார். கைகுலுக்கப்பெற்ற மகவு யாது நினைந்ததென ஒருவருங் கேட்டிலர் போலும்.

இக்கொள்கையை அசைத்தவை குரங்குக் குட்டிகளாம். விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்பார் குட்டிகளைத் தாயினின்று பிரித்து, இரு பொய்த்தாயரைச் செய்து வைத்தார். ஒன்று வெறுங் கம்பியாலாயது. மற்றொன்று மெல்லிய துணி போர்த்தது. பாற்புட்டி கம்பித்தாயிடமே இருந்தபோதும், குட்டிகள் பசித்தபொழுது மட்டும் அங்குச் சென்று, ஏனைப் பொழுதெல்லாம் துணித்தாயையே பற்றிக் கிடந்தன. மேளங்கொட்டும் பொம்மைக் கரடியைக் கண்டு அஞ்சியபோது ஓடித் தழுவியதும் துணித்தாயையே. 1958-இல் இது வெளியாயிற்று. தனித்து வளர்ந்த அக்குரங்குகளுட் பல பின்னர்த் தம்மினத்தொடு கூடி வாழமாட்டாது அல்லலுற்றன. ஓருண்மையை அறிதற்கு இத்துணைக் கொடுமை வேண்டுமோ என்று எண்ணாமலிருத்தல் எமக்கு அரிது.

மக்கட் குழவியிடத்தும் இதனையொத்ததே காணப்பட்டது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஷாபர், எமர்ஸன் என்போர் அறுபது குழவிகளை ஒன்றரையாண்டளவும் தொடர்ந்து நோக்கி 1964-இல் எழுதினர். பாலூட்டிக் குளிப்பாட்டுவாரிடமே பற்று உண்டாகுமென்பது பொய்த்தது. அழுகைக்கு விரைந்து விடையளித்து, விளையாடியும் பேசியும் இருப்பாரிடத்தே அது வேரூன்றிற்று. ஒன்றரையாண்டு நிரம்புமுன் தந்தையிடமும் பற்றுக்கொண்ட பிள்ளைகள் மிகப் பல. மாலையில் வீடு திரும்பும் தந்தையர் இதனைக் கருதுவாராக.

விடையளித்தல் என்றதன் ஆற்றலை எட்வர்ட் டிரானிக் 1978-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டும். மகவுடன் கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சொல்லியபடி, சிறிது நேரம் முகத்தைச் சிலைபோல் வைத்துக்கொள்வாள். மகவு முதலில் முறுவலிக்கும்; கைநீட்டும்; குரல் கொடுக்கும். பயனின்மை கண்டு சோர்ந்து முகந் திருப்பிக்கொள்ளும். தாய்மார் இது கேட்டு அஞ்சற்க. அன்பிற் சிறந்த தாயும் சேயுங்கூட எப்பொழுதும் ஒத்திருப்பதில்லையென்றும், பிசகி மீண்டும் இசைதலே பெரிதென்றும் டிரானிக் கண்டனர்.

இனித் தொட்டிலழுகைக்கு மீள்வாம். பெல், ஐன்ஸ்வொர்த் என்னும் பெண்மணியர் இருவர் அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் நகரில் 26 குழவிகளை அவற்றின் வீடுகளிலேயே முதலாண்டு முழுவதும் நோக்கினர். தொடக்கத்திங்களில் விரைந்து எடுத்தாற்றப்பட்டவை, ஆண்டிறுதியில் மிகுதியாக அழவில்லை. குறைவாகவே அழுதன என்று 1972-இல் எழுதினர். பின்வந்தோர் சிலர் இம்முடிபை ஒப்புக்கொண்டிலர். சிறு முனகலுக்கெல்லாம் ஓடவேண்டுவதில்லை என்பாரும் உளர். எனினும் இளங்குழவி எடுத்தாற் கெட்டுவிடும் என்னும் அச்சத்திற்கு இவ்வாராய்ச்சிகளுள் ஆதாரமில்லை. பாட்டியின் கட்சியே வலியுடையது என்பது எம் துணிபு.

அணைத்தல் செல்லமோ தேவையோ என்பதற்குக் கடுஞ்சான்று, குறைமாதத்திற் பிறந்த மிகச் சிறு குழவிகளிடத்துக் கிடைத்தது. இவற்றைச் சூடு குன்றாது காத்தற்கு இங்க்யுபேட்டர் என்னும் பெட்டியுண்டு. தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டுத் தலைநகராகிய பொகோட்டாவில் அப்பெட்டிகள் போதாமையால், ஒன்றனுள் ஒன்றுக்கு மேற்பட்ட குழவிகளைக் கிடத்த நேர்ந்தது. நோய் பரவி மாண்டன பல. 1978-இல் மருத்துவர் எட்கார் ரே சனாப்ரியா, கங்காரு தன் குட்டியைப் பையிற் சுமத்தல் போலக் குழவியைத் தாயின் வெறுமார்பிற் சேர்த்துக் கட்டும் முறையைத் தொடங்கினார். இல்லாமையாற் பிறந்த இம்முறை ஏழைநாடுகளுக்கு மட்டும் உரியதென்று பலர் கருதினர். நிலைமை சீர்ப்பட்ட பின்னரே குழவியைத் தாயிடங் கொடுத்தலும் நெடுநாள் வழக்கமாயிருந்தது.

அவ்வழக்கம் சரிதானா என்பதை இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, டான்சானியா என்னும் ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்தது. 1 கிலோகிராமுக்குக் குறையாமலும் 1.8 கிலோகிராமுக்கு உட்பட்டும் இருந்த 3,211 குழவிகள் இதிற் சேர்க்கப்பட்டன. 2021-இல் முடிவு வெளியாயிற்று. நிலைமை சீர்ப்படும்வரை காத்திருந்தவற்றுள் 28 நாளுக்குள் மாண்டவை நூற்றுக்கு 15.7, பிறந்தது முதலே மார்பிற் சேர்க்கப்பட்டவற்றுள் நூற்றுக்கு 12. நன்மை இத்துணை வெளிப்படையாகத் தோன்றியமையால் ஆராய்ச்சியை முன்னரே நிறுத்திவிட்டனர். தாய் எழவியலாது கிடந்த வேளைகளில், அவளுக்கு மாற்றாக வேறொருவர் அக்குழவியை மார்பிற் சுமந்திருந்தனர்.