போட்டோகிராபருக்கும் ஒரு டைம்டேபிள்

தை பிறந்தால் நம் சங்கத்து வீடுகளில் கல்யாணப் பேச்சு ஆரம்பமாகிவிடும். மண்டபம், சாஸ்திரிகள், சமையல், நாதஸ்வரம் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். போட்டோவை மட்டும், "பக்கத்து ஸ்டுடியோவில் சொல்லிவிட்டால் போயிற்று" என்று கடைசியில் விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுப் பட்டவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2009இல் என் மூத்த பெண்ணின் கல்யாணம் ஜபல்பூரில் நடந்தது. நல்ல பெயருள்ள போட்டோகிராபரைத்தான் அமர்த்தினேன். அவர் காட்டிய ஆல்பமும் பிரமாதம். ஆனால் அதில் இருந்தவை எல்லாம் இந்தப் பக்கத்துக் கல்யாணங்கள். இரவில் மேடையில் ஜெயமாலா, நடுநிசிக்கு மேல் அக்னியைச் சுற்றும் ஃபேரே, பிறகு வகிட்டில் சிந்தூர். அவருக்குத் தெரிந்த வரிசை அதுதான்.

நம் வீட்டு முகூர்த்தமோ காலையில். மாலை மாற்றலை அவர் அறுபது படம் எடுத்தார். கன்னிகாதானம் ஆனதும் பெண் கூறைப்புடவை கட்டிக்கொள்ள உள்ளே போனாள். ஜெயமாலா முடிந்தது, ஃபேரேக்கு நேரமிருக்கிறது, இது இடைவேளை என்று நினைத்து அவர் டிபன் சாப்பிடக் கீழே இறங்கிவிட்டார். மேலே கெட்டிமேளம் கொட்டியது. பெண்ணை மடியில் வைத்துக்கொண்டிருந்த எனக்குக் கேமரா ஞாபகமே இல்லை. ஆல்பம் வந்தபோதுதான் தெரிந்தது. மாங்கல்யதாரணம் ஒரு படம்கூட இல்லை.

முதலில் அவர்மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் தவறு என்னுடையதுதான். ரயில்வேயில் எத்தனை அனுபவமுள்ள டிரைவரானாலும், புதுப் பாதை என்றால் முதலில் அதில் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்ட பிறகுதான் வண்டியைக் கையில் கொடுப்பார்கள். 'ரோடு லேர்னிங்' என்போம். தண்டவாளத்தோடு முப்பது வருஷத்துக்கு மேல் உழன்ற எனக்கு, சொந்தப் பெண் கல்யாணத்தில் அது தோன்றவில்லை.

ஆகவே என் அனுபவத்தில் சில யோசனைகள்.

முதலாவது, பொறுக்கி எடுத்த படங்களின் ஆல்பத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே கல்யாணத்தின் படங்களை ஆரம்பம் முதல் கடைசி வரை காட்டச் சொல்லுங்கள். புகையிலும் மங்கல் வெளிச்சத்திலும் கூட்டத்திலும் அவர் கை எப்படி என்று அதில்தான் தெரியும். பேச வந்தவரே நேரில் வருவாரா, உதவியாளரை அனுப்புவாரா என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, டைம்டேபிள். காசியாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல், கன்னிகாதானம், கூறைப்புடவை, மாங்கல்யதாரணம், பாணிக்ரஹணம், ஸப்தபதி என்று நேரத்தோடு அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுங்கள். நம் சங்கத்தில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. உங்கள் வீட்டு வரிசையை எழுதுங்கள். எந்த நிமிஷத்தில் இடத்தைவிட்டு அசையக் கூடாது என்பதைச் சிவப்பு மையில் கோடிடுங்கள்.

மூன்றாவது, தாலி கட்டுவது அரை நிமிஷ வேலை. அட்சதை போட எழுந்து வருகிறவர்கள் முன்னால் மறைத்துவிடுவார்கள். டிரோனுக்குக் கொடுக்கும் பணத்தில் அந்த நேரத்துக்கு இரண்டாவது கேமராக்காரரை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரை மறைத்தாலும் இன்னொருவருக்குக் கிடைக்கும்.

நான்காவது, பெரியப்பா யார், அத்தை யார் என்று அவருக்குத் தெரியாது. உறவெல்லாம் அறிந்த ஒருவரைப் பட்டியலோடு கூடவே அனுப்புங்கள். வயதானவர்களை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, எத்தனை படம், எத்தனை பக்கம், எந்தத் தேதிக்குள், முன்பணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எனவே கையெழுத்துப் போடுமுன் பொடி எழுத்தையும் படியுங்கள். ஆல்பம் வரும்வரை காத்திராமல், அந்த வாரமே எல்லாப் படங்களுக்கும் நகல் வாங்கி இரண்டு இடத்தில் வையுங்கள்.

2017இல் இளையவள் கல்யாணத்துக்கு இப்படித்தான் செய்தேன். அந்தப் பிள்ளையாண்டான் முதல் நாளே மண்டபத்துக்கு வந்து, எங்கே நிற்பது என்று சாஸ்திரிகளிடம் கேட்டுக்கொண்டான். கெட்டிமேளச் சத்தம் எப்படி இருக்கும் என்று தவில்காரரை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். மடியில் பெண், குனிந்து தாலி கட்டும் மாப்பிள்ளை, பின்னால் விளக்கோடு நாத்தனார் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். என் கண் மட்டும் மூடியிருக்கிறது. அது அவன் தவறல்ல.

அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மூத்தவள் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அதன்முன் கொஞ்ச நேரம் நிற்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். டைம்டேபிள் எழுத எனக்கு ஆனது ஒரு சாயங்காலம். அதை நீங்கள் இன்றைக்கே எழுத உட்காருங்கள்.