கடைக்கு அனுப்பும் கை

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் நான் வளர்ந்த நாள்களில், இரவு உணவுக்குப் பின் தாத்தாவுக்கு வெற்றிலை, சீவல், புகையிலை வாங்கி வருவது என் வேலை. கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்டதில்லை; மீதிச் சில்லறைக்கு மிட்டாய் தருவார். புகையிலையின் மணத்தை எனக்கு அறிமுகப்படுத்தியவர், நான் மிகவும் நேசித்த பெரியவர்தான்.

மாணவர்களின் புகையிலைப் பழக்கத்துக்குக் கூடாநட்பையும் திரைப்படங்களையும் காரணமாகக் கூறுகிறோம். அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால், 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களிடம் 2019-இல் இந்தியாவில் நடத்தப்பட்ட உலகளாவிய இளையோர் புகையிலை ஆய்வு, நம் கவனத்தை இன்னும் முன்னே கொண்டுசெல்கிறது. அவர்களுள் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர். சிகரெட் பிடித்துப் பார்த்தவர்களில் 38 விழுக்காட்டினரும், பீடி பிடித்தவர்களில் 47 விழுக்காட்டினரும், புகையில்லாப் புகையிலையைச் சுவைத்தவர்களில் 52 விழுக்காட்டினரும் பத்து வயது நிறையும் முன்பே அதைத் தொடங்கியிருந்தனர். அந்த வயதில் குழந்தையின் உலகம் பெரும்பாலும் வீடும் தெருமுனைக் கடையும்தான்.

இப்போது பொருளின் வடிவமும் மாறியிருக்கிறது. உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிக்கொள்ளும் ‘கூல் லிப்’ பொட்டலத்தில் புகை எழுவதில்லை. வகுப்பில் ஆசிரியர் எதிரே நின்றாலும் எளிதில் தெரியாது. பள்ளி மாணவர்களிடையே அது பரவுவது குறித்து, திருச்சிராப்பள்ளியையும் தன் வரம்பில் கொண்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2024-இல் கவலை தெரிவித்தது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையை நிக்கோட்டின் எளிதில் அடிமைப்படுத்திவிடும். அதனால்தான் தொடங்கும் வயது இவ்வளவு முக்கியமாகிறது.

சட்டத்தில் குறையில்லை. 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதையும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், எவருக்கும் விற்பதையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் அச்சட்டப்படி அபராதம் 200 ரூபாய் வரைதான். ஆயினும், குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இடமளிக்கிறது.

நாம் மறந்துவிடும் ஒன்று உண்டு. ‘அப்பாவுக்குத்தான்’ என்று சிறுவன் சொன்னாலும், அவனிடம் விற்பது விதிமீறலே. வயதைக் கேட்க வேண்டியது கடைக்காரரின் கடமை. அவனை அங்கே அனுப்பாதிருப்பது நம் கடமை. என் தாத்தாவுக்கு இது தெரிந்திருக்கவில்லை, நமக்குத் தெரியும்.